வாயிற்படியும் காலணியும்

காலணியைக் கழற்றிவிட்டு வீட்டினுள் நுழைவது நம் நாட்டில் மூவினத்தாருக்கும் பொதுவான வழக்கமாகும். பழைய மலாய் வீடுகளில் படிக்கட்டருகே கால் கழுவ நீர்ச்சாடி இருக்கும். 1970-களில் யாம் வளர்ந்த இரப்பர்த் தோட்டத்து லயத்திலோ அஞ்சடியில் ஒரு வாளி. (அத்தோட்டம் இன்று செம்பனைக் காடு.) மரம் சீவித் திரும்பும் தந்தையார் சேறு போகக் கால் அலம்பிய பின்னரே உள்ளே வருவார். ஈப்போவில் குடியேறிய பின்னும் இவ்வழக்கத்தில் யாம் கண்டிப்பாகவே இருந்தோம்.

சென்ற ஆண்டு, தந்தையாருடன் மரம் சீவிய பெரியவர் ஒருவர் பேத்தியின் திருமண அழைப்பிதழோடு வந்தார். "சப்பாத்தை வெளியே விட்டுவிட்டு வாருங்கள், மாமா" என்றோம். அவர் மறுமொழி கூறாது, சுவரைப் பற்றிக்கொண்டு நெடுநேரம் போராடிக் கழற்றினார். அமர்ந்த பின்னரே காலுறைக்குள் புண்ணுக்கு இட்ட கட்டு எம் கண்ணிற்பட்டது. நீரிழிவினால் அவர் பாதம் மரத்துப்போயிருந்தது. முள் தைத்தாலும் தெரியாதாகையால், வீட்டினுள்ளும் வெறுங்காலுடன் நடக்கலாகாது என்பது மருத்துவர் கட்டளையாம்.

"முன்னமே சொல்லியிருக்கலாமே, மாமா?"

"வாத்தியார் வீடாயிற்றே, தம்பி!"

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை.

இப்பொழுது எம் வாயிலருகே ஒரு நாற்காலி உண்டு. வீட்டினுள் மட்டும் அணியும் செருப்புகளும் உண்டு. இயலாதவரிடம் கழற்றுமாறு கேட்பதில்லை. பிறகு தரையைத் துடைத்துக்கொள்கிறோம். திருமணம் முடிந்து மாமா மீண்டும் வந்தார். யாம் வாங்கிய செருப்பு அவருக்கு இறுக்கமாக இருந்தது. அத்தகைய காலுக்கு அதுவும் ஆகாதாம். மறுநாளே அகலமானதாக மாற்றி வாங்கினோம்.