சேற்றுக்குத் திரும்புவதா?

தாராசுரத்தில் பி.எஸ்சி. விலங்கியல் முடித்த தங்கை ஒருவர் கேட்டார்: "எம்.எஸ்சி.க்கு மேல பூச்சியியல் பக்கம் போகவா, மூலக்கூறு உயிரியல் பக்கம் போகவாண்ணா?" பூச்சியியல் என்றதுமே அவருடைய அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டதாம். "சேத்துலேந்து ஒன்னைத் தூக்கி விட்டேன். திரும்பவும் சேத்துக்கா போவே?"

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. வெள்ளைக் கோட்டில் சேறு ஒட்டாது என்பது நம் வீடுகளில் சின்ன விஷயமில்லை.

ஆனால் தாராசுரத்துக்குக் கிழக்கே ஆடுதுறையில் 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கிறது. புது ரகங்கள் வந்து மகசூல் பேசப்பட்ட அதே 1960களில்தான், கூலி உயர்வு கேட்டுப் போராடிய கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். எந்த வரப்பில் எலி வளை இருக்கும், தஞ்சாவூர் கிட்டியை எங்கே வைக்க வேண்டும் என்று அறிந்தவர்கள் நம் பெரியவர்கள். அதுவும் விலங்கியல்தான். அதற்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மருந்து அடிக்கும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தெளிப்பானை முதுகில் சுமப்பவர் பெரும்பாலும் கூலியாள். ஆர்கனோபாஸ்பேட் வகை மருந்து, பூச்சியின் நரம்பு இயங்கத் தேவையான அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதியை முடக்கித்தான் அதைக் கொல்கிறது. அதே நொதி நம் உடம்பிலும் இருக்கிறது. அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை ரத்தப் பரிசோதனையில் அளந்துவிடலாம். மருந்தடித்த அன்று சாயங்காலம் தலைசுற்றி, வாயில் எச்சில் ஊறிப் படுத்தவரின் ரத்தத்தை நம் ஊரில் யார் அளக்கிறார்கள்? இந்தக் கேள்விக்குப் பூச்சியியலும் வேண்டும், மூலக்கூறு உயிரியலும் வேண்டும். எந்தப் பெயரில் படித்தாலும் கேள்வி உங்களுடையதாக இருக்கட்டும். அப்பாவிடமே கேளுங்கள், அவர் எத்தனை போகம் மருந்தடித்தார் என்று.

சோற்றுக்கு என்ன வழி என்பதையும் பேசிவிடுவோம். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் உயிர் அறிவியல் ஒரே தாள். மூலக்கூறு முதல் சூழலியல் வரை எல்லாம் அதில் வரும். இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். சிறப்புப் பாடம் எதுவானாலும் இந்தக் கதவு ஒன்றுதான்.

பாடத்தைவிட நெறியாளரை விசாரியுங்கள். பட்டியல் சாதி மாணவர்கள் எத்தனை பேர் அவரிடம் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முனைவர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள், எத்தனை பேர் பாதியில் நின்றார்கள் என்று கேளுங்கள். துறை அலுவலகத்தில் வேண்டாம். சீனியர்களிடம், டீக்கடையில் கேளுங்கள்.