264-ஆ, 272-ஆ: மலைநாட்டில் தினமும் ஓடும் ஒரு டர்போ காருக்கு எந்தக் கேம்?

டர்போ கார் வைத்திருப்பவர்களிடம் ஊர் கேட்கிற கேள்விகள் இரண்டு. எவ்வளவு பவர்? லீட்டருக்கு எத்தனை கிலோமீட்டர்? மூன்றாவது கேள்வி கராஜ்காரர்களுக்குள் மட்டும் ஓடும்: "கேம் மாத்தியாச்சா, ஸ்டாக்கா?" என் அண்ணன் மூன்று மாதமாக இந்த மூன்றாவது கேள்வியோடுதான் சோறு சாப்பிட்டார்.

அவர் ஹட்டன் டவுனில் மெக்கானிக். கார் ஒரு டொயோட்டா ஸ்டார்லெட் ஜிடி டர்போ, ஈபி82. 1331 சிசி எஞ்சின், தொழிற்சாலைக் கணக்கில் 135 குதிரைவலு. எஞ்சின் கழற்றிக் கிடந்ததை வாங்கி, வருசக்கணக்கில் சேர்த்துக் கட்டியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தது. இடையில் இந்த மாதிரிப் பழைய கார்களின் மதிப்பும் உதிரிப்பாகங்களின் விலையும் எங்கேயோ போய்விட்டன. எங்கள் லயத்தில் வேறு கார் இல்லை. கராஜுக்குப் போவதும் அதில்தான், அம்மாவை கிளினிக்குக் கூட்டிப் போவதும் அதில்தான். ராத்திரி யாருக்காவது வலி வந்தால் டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போவதும் அதில்தான்.

ஒரு நாள் கேட்டலொக் ஒன்றின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். "பாப்பா, நீ கெம்பஸ்ல படிக்கிறதானே, இந்த இங்கிலீஸ கொஞ்சம் வாசிச்சுச் சொல்லு." நான் படிப்பது கலைப்பீடத்தில். வால்வுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் வாசிக்க வாசிக்க விசயம் பிடித்துப்போனது. எஞ்சினைத் தொட்டுத் தெரிந்தவர் அவர், எழுத்தில் தெரிந்துகொண்டவள் நான். இரண்டையும் சேர்த்து நாங்கள் போட்ட கணக்குதான் இது.

கேம்சாஃப்ட் என்பது முட்டை வடிவப் புடைப்புகள் கொண்ட ஒரு தண்டு. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று சுற்றும். ஒவ்வொரு புடைப்பும் ஒரு வால்வைத் தள்ளித் திறக்கும். எவ்வளவு உயரம் திறக்கிறது என்பது லிஃப்ட். கிராங்க் எத்தனை பாகை சுற்றும் வரை திறந்தே இருக்கிறது என்பது டியூரேசன். கேட்டலொக்கில் வரும் 256, 264, 272 எல்லாம் இந்தப் பாகைதான். எண் கூடக்கூட எஞ்சினின் பலம் மேலே, அதிக ஆர்பிஎம் பக்கம் நகரும். கீழே அந்த அளவுக்குக் குறையும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வால்வு எவ்வளவு தூக்கிய பிறகு "திறந்தது" என்று எண்ணத் தொடங்குவது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு மாதிரி வைத்திருக்கிறது. ஒருவருடைய 264 இன்னொருவருடைய 272-ஐ விடப் பெரிதாக இருக்கலாம். ஆகவே 1 மில்லிமீட்டர் லிஃப்டில் எத்தனை பாகை என்று கேட்டு, அந்த எண்ணை மட்டும் ஒப்பிட வேண்டும்.

அடுத்தது ஓவர்லேப். அண்ணனுக்கு நான் இதைக் கொழுந்து மடுவத்தை வைத்துச் சொன்னேன். மடுவத்துக்கு முன்பக்கம் ஒரு கதவு, பின்பக்கம் ஒரு கதவு. நிறுத்து முடித்தவர்கள் பின்னால் வெளியே போக, புது ஆட்கள் முன்னால் உள்ளே வருகிறார்கள். இரண்டு கதவும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருந்தால் வேலை சுறுசுறுப்பாக நடக்கும். ஆனால் பின்வாசலுக்கு வெளியே ஒரு கூட்டம் அடைத்துக்கொண்டு நின்றால்? வெளியே போனவர்களே திரும்ப உள்ளே தள்ளப்படுவார்கள். டர்போ காரில் அந்தக் கூட்டம்தான் டர்போவின் சக்கரம். ஸ்டார்லெட்டில் வருகிற மாதிரிச் சின்ன டர்போக்களில், அதிக ஆர்பிஎம்மில் சைலன்சர் பக்க அழுத்தம் உள்ளே வரும் பூஸ்டை விடக் கூடிவிடும். அப்போது ஓவர்லேப் நீண்டால், எரிந்த புகை திரும்பி சிலிண்டருக்குள் வரும். டர்போ இல்லாத ரேஸ் எஞ்சினுக்குச் சரியாக வரும் கேம் டர்போ எஞ்சினுக்கு ஒத்துவராமல் போவது இதனால்தான். டர்போவுக்கென்று வெட்டும் கேம்களில் இரண்டு புடைப்புகளுக்கும் இடையிலான கோணத்தைக் கூட்டி வைப்பார்கள், ஓவர்லேப் குறையட்டும் என்று.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். இனிமேல்தான் எங்கள் ஊர்க் கணக்கு.

நுவரெலியா 1868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய 0.81 பார், கொழும்பில் 1.01. அதாவது பூஸ்ட் வருவதற்கு முன்னால், நம் எஞ்சின் கொழும்பு எஞ்சினை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவான காற்றைத்தான் குடிக்கிறது. பூஸ்ட் வந்த பிறகும் கணக்கு சமமாகாது. மீட்டரில் 0.65 பார் காட்டினால் கொழும்பில் மொத்தம் 1.66, நுவரெலியாவில் 1.46. அந்த 0.65-ஐக் கொடுக்கவே டர்போ அதிகம் உழைக்க வேண்டும்: கொழும்பில் வெளிக்காற்றை 1.64 மடங்கு அழுத்தினால் போதும், இங்கே 1.8 மடங்கு. ஏற்கெனவே கீழே பலம் குறைந்த எஞ்சினுக்கு, கீழே இருப்பதை இன்னும் குறைக்கிற பெரிய கேமைப் போடுவது சரியா? றம்பொடை கொண்டை ஊசி வளைவில், முன்னால் ஒரு லொறி, நீங்கள் இரண்டாம் கியர், 2000 ஆர்பிஎம். அந்த இடத்தில் 272 கேம் உங்களுக்கு எதுவும் தராது.

இரண்டாவது விசயம் பிரேக். நான் வாசித்ததில் என்னைப் பயமுறுத்தியது இது ஒன்றுதான். பிரேக் பூஸ்டர் வேலை செய்வது வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் எஞ்சின் மெனிஃபோல்டுக்குள் இருக்கும் வெற்றிடத்துக்கும் நடுவிலுள்ள வித்தியாசத்தால். மலையில் வெளிக்காற்று மெல்லிசு, ஆகவே அந்த வித்தியாசம் முதலிலேயே குறைவு. ஓவர்லேப் நீண்ட கேம் போட்டால் ஐடிலிங்கில் வெற்றிடமும் குறையும். இரண்டும் சேர்ந்தால், வரிசையில் ஊர்ந்து இறங்கும்போது பெடலை வழக்கத்தை விட அழுத்தி மிதிக்க வேண்டி வரலாம். 2023 ஜனவரி 20 இரவு நானுஓயா ரதல்ல குறுக்குப் பாதையில் நடந்த விபத்தில் ஏழு பேர் இறந்தார்கள். அந்த இறக்கத்தைத் தெரிந்த யாரும் பிரேக்கை வைத்து விளையாட மாட்டார்கள்.

மற்றவை சின்னச் சின்னச் செலவுகள், ஆனால் கூட்டினால் பெரிது. லிஃப்ட் கூடினால் கடினமான வால்வு ஸ்பிரிங் வேண்டும். பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி அளக்க வேண்டும். ஈசியூ திரும்ப டியூன் பண்ண வேண்டும். வருமான உத்தரவுப்பத்திரத்துக்கு முன்னால் புகைப் பரிசோதனை இருக்கிறது, ஐடிலிங்கில் எரியாத பெற்றோல் கூடினால் அங்கேயும் மாட்டலாம். எல்லாவற்றையும் அம்மாவின் பேராக மாற்றிப் பார்த்தேன். 2024-இல் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாய். எத்தனை பேர் என்று வந்த எண்ணை அண்ணனிடம் சொல்லவில்லை. அவரும் தனியாகப் போட்டுப் பார்த்திருப்பார்.

அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு உடனே சரி என்று சொல்லவில்லை. "எல்லாம் தாள்ல சரி. மாகஸ்தோட்டையில ஓடுறவனுங்க எல்லாம் கேம் போட்டுத்தானே ஓடுறானுங்க?" என்றார். நியாயமான கேள்வி. மாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி 1934-இல் தொடங்கியது. தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே ஒவ்வொரு காராக நேரம் பார்த்து ஓடும். ஏப்ரல் சீசனில் சரிவில் நின்று பார்த்தே வளர்ந்தோம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அந்தச் சத்தம் ஒரு ஆசை. ஆனால் அங்கே ஓட்டுபவர் எப்போதும் ஆர்பிஎம்மை மேலேயே வைத்திருப்பார். எதிரே பஸ் வராது. பின் சீட்டில் நோயாளி இருக்க மாட்டார். அந்த ஓட்டத்துக்குப் பெரிய கேம் சரியான பதில்தான்.

நான் பதிலுக்கு வாதாடவில்லை. "ஒரு கிழமை உங்க போனை டேஷ்போர்டுக்கு எதிரா வச்சு ஆர்பிஎம் மீட்டரை வீடியோ எடுங்க" என்றேன். எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். முக்கால்வாசி நேரம் முள் 2000-க்கும் 3500-க்கும் நடுவில். 5000-ஐத் தாண்டியது இரண்டே தடவை, இரண்டும் ஒரு பஸ்ஸை முந்தியபோது. அண்ணன் வீடியோவை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏழாயிரத்துக்கு நம்ம ரோட்ல இடம் எங்க இருக்கு" என்றார்.

கடைசியில் ஸ்டாக் கேம் அப்படியே இருக்கிறது. சேர்த்த காசில் புது டைமிங் பெல்ட், பிரேக் பேட், கொஞ்சம் பெரிய இன்டர்கூலர். ஒரு அட்ஜஸ்டபிள் கேம் புலியும் வாங்கினார். கேமை ஓரிரண்டு பாகை முன்னே தள்ளினால் இன்டேக் வால்வு சீக்கிரம் மூடும், பலம் கொஞ்சம் கீழே இறங்கி வரும். மலைக்கு வேண்டியது அதுதான். 95 ஒக்டேன் பெற்றோலை மட்டும் அவர் விடமாட்டார், அது டர்போவுக்குத் தேவையும்கூட.

நீங்கள் கேம் வாங்க யோசித்தால் முதலில் ஒரு கிழமை உங்கள் ஆர்பிஎம்மைப் பாருங்கள். பெரும்பாலும் 4000-க்குக் கீழே என்றால் ஸ்டாக் போதும், இல்லையென்றால் டர்போவுக்கென்றே வெட்டிய 256 மாதிரிச் சின்னது. பெரிய டர்போ, அகலமான சைலன்சர், டியூன் எல்லாம் முடிந்த பிறகு 264. 272-ஐ, ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வண்டி இருக்கிறவர்கள் யோசிக்கட்டும்.

அண்ணன் அந்தக் கேட்டலொக் படங்களைப் போனிலிருந்து இன்னும் அழிக்கவில்லை. நானும் அழிக்கச் சொல்லவில்லை.