கோப்புறைக்குள் மலையகம்

ரொறன்ரோ மாநகரின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், ஹைலண்ட் கிரீக் பள்ளத்தாக்கின் விளிம்பில் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாகம் அமைந்துள்ளது. 1964இல் ஸ்காபரோ கல்லூரி என்ற பெயரில் தொடங்கிய இதன் முதல் கட்டடத்தை ஆஸ்திரேலியக் கட்டடக் கலைஞர் ஜான் அன்ட்ரூஸ் கொங்கிரீட்டில் வடிவமைத்தார். 1966இல் அது திறக்கப்பட்டது. விரிவுரைகளைத் தொலைக்காட்சி வழியே நடத்துவது அன்றைய திட்டம். அதற்கென ஒளிப்பதிவுக் கூடங்களும் கட்டப்பட்டன. சில ஆண்டுகளிலேயே திட்டம் கைவிடப்பட்டது. கைவிடப்பட்ட திட்டத்துக்கும் வரலாறு உண்டு. கட்டட வரைபடம், கூட்டக் குறிப்பு, மாணவர் செய்தித்தாள், நிழற்படம் ஆகியவை இருந்தால்தான் அதை எழுத முடியும்.

இவ்வளாக நூலகத்தின் ஆவணப் பிரிவு பல்கலைக்கழகத்தின் கதையோடு நிற்பதில்லை. இலங்கைத் தமிழரசுக் கட்சியின் நிறுவனர் சா. ஜே. வே. செல்வநாயகத்தின் (1898–1977) தாள்கள் இங்கே பேணப்படுகின்றன. அவற்றுக்கும் இலங்கை மலையகத்துக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், தந்தை இலங்கையில் பிறந்தார் என்பதற்கு, அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்தனர் என்பதற்குச் சான்று கேட்டது. மலையகத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தொழிலாளரில் பெரும்பாலோரிடம் அந்தக் காகிதம் இல்லை. ஏறத்தாழ ஏழு லட்சம் பேர் நாடற்றவராயினர். இதையொட்டி எழுந்த பிளவில் தமிழ்க் காங்கிரசை விட்டு வெளியேறிய செல்வநாயகம், 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார்.

1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. ஒரே லயத்தில் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில்) வாழ்ந்த குடும்பங்கள் பிரிந்தன. ஒரு பகுதியினர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தனர். எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கலைத் தீர்க்க 2003இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது. ஒரு காகிதம் இல்லாததால் இத்தனை நேர்ந்த சமூகத்துக்கு ஆவணப் பணி வாழ்வோடு ஒட்டிய காரியம்.

அந்தப் பணி பெட்டியைத் திறப்பதில் தொடங்குகிறது. உரியவர் தாள்களை வைத்திருந்த வரிசையை ஆவணக்காப்பாளர் கலைப்பதில்லை. ஒரு கடிதத்தோடு ஒரு பத்திரிகை நறுக்கு சேர்ந்திருந்தால், அந்தச் சேர்க்கையே ஒரு செய்தி. பிறகு துருவேறிய குண்டூசிகளும் கம்பிகளும் நீக்கப்படும். தாள்கள் அமிலமற்ற உறைகளுக்கும் பெட்டிகளுக்கும் மாறும். அறையில் குளிர்ச்சியும் ஈரப்பதமும் ஒரே அளவில் இருக்க வேண்டும். எண்ணிமப்படுத்தும்போது பக்கங்கள் பெரும்பாலும் அங்குலத்துக்கு 400 முதல் 600 புள்ளி நுணுக்கத்தில் படமெடுக்கப்படுகின்றன. கோப்பு பின்னர் சிதைந்ததா என்று சரிபார்க்க ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கீட்டு எண் பதியப்படுகிறது.

எல்லாவற்றிலும் கடினமானது விவரக் குறிப்பு எழுதுவது. தோட்டப் பதிவேட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட ஒரு பெயர், தமிழில் லட்சுமியாகவும் லெட்சுமியாகவும் வரும். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று. தொழிலாளர் நாவில் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறு. இரண்டையும் பதியாவிட்டால் தேடுபவருக்கு ஊரே அகப்படாது. கணினிக் கால ஆவணங்களிலும் சிக்கல் உண்டு. புலம்பெயர் சங்க மலர்கள் பல பாமினி எழுத்துருவில் அச்சுக்கோக்கப்பட்டவை. அவற்றின் மூலக் கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில், யூனிகோடுக்கு மாற்றாமல் திறந்தால், திரையில் ரோமன் எழுத்துக் குவியலே மிஞ்சும்.

வாய்மொழி வரலாற்றுக்கு வேறு ஒழுங்கு. பேசுபவரின் சம்மதம் எழுத்தில் பெறப்படும். குரல் சுருக்கப்படாத வடிவில் பதியப்படும். பெரட்டு (காலை ஆளெடுப்பு), கொழுந்து, கங்காணி (தொழிலாளர் மேற்பார்வையாளர்), துண்டு முதலிய சொற்களைப் படியெடுப்பவர் ‘திருத்தாமல்’ விட வேண்டும். ‘துண்டு’ என்பது தொழிலாளியின் கடனைக் குறித்து, அவரை ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிய சீட்டு. அதைக் ‘காகிதத் துண்டு’ என்று எழுதிவிட்டால் ஒரு கொத்தடிமை முறையே குறிப்பிலிருந்து மறைந்துபோகும்.

பணி ஓரிடத்தில் குவிந்துவிடவில்லை. கம்பளைக்கு அருகே, பழைய பீக்கொக் தோட்டத்தில், தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் 2007 முதல் பழைய லயத்திலேயே இயங்குகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் மலையக நூல்களையும் இதழ்களையும் எண்ணிமமாக்கி வருகிறது. பல்லூடக ஆவணங்களுக்கான அதன் ‘ஆவணகம்’ தளத்தில் ஸ்காபரோ வளாக நூலகமும் கைகோத்துள்ளது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அதை அறிந்த சமூகத்துக்குப் படிகள் பல இடங்களில் இருப்பதன் அவசியத்தை விளக்க வேண்டியதில்லை.

தாளைப் பெட்டியில் வைத்தால் நூறாண்டு காத்திருக்கும். மனிதரால் அப்படிக் காத்திருக்க முடியாது: 1948இல் பத்து வயதாயிருந்தவருக்கு இன்று தொண்ணூறு நெருங்குகிறது. ஆகவே மலையக ஆவணப் பணியில் குரல் பதிவுக்கே முதலிடம்.