கோட்டைமேட்டில் கோட்டை எங்கே?



எங்கள் வீடு உக்கடம். பக்கத்திலேயே கோட்டைமேடு. கோட்டை ஈஸ்வரன் கோவில் இருக்கிறது, ஆனால் கோட்டையைக் காணோம்! அப்புச்சியிடம் கேட்டேன். "அதெல்லாம் கும்பெனிக்காரன் காலத்துல இருந்துச்சு கண்ணு" என்றார். மீதியைப் புத்தகத்தில் படித்தேன்.

1800-ஆம் ஆண்டு ஜூன் 3, மொகரம் நாள். கோவைக் கோட்டையில் இருந்த கும்பெனிப் படையைத் தாக்க நம் வீரர்கள் திட்டம் போட்டார்கள். இந்துக்களும் முஸ்லிம்களும் ஒன்றாக நின்றார்கள். திட்டம் தோற்றது. பிடிபட்டவர்களை ராணுவ விசாரணையில் நிறுத்தி, 42 பேரைத் தூக்கில் போட்டார்கள்.

அதன் பிறகும் கொங்கு மண் அடங்கவில்லை. தீரன் சின்னமலை நம் எல்லோருக்கும் தெரிந்தவர். 1756-ல் மேலப்பாளையத்தில் பிறந்தவர், இயற்பெயர் தீர்த்தகிரி. திப்பு சுல்தானுக்குத் துணையாகப் போரிட்டவர். 1799-ல் திப்பு இறந்த பிறகும் அவர் வாளைக் கீழே வைக்கவில்லை. 1801-ல் காவிரிக் கரை, 1802-ல் ஓடாநிலை, 1804-ல் அறச்சலூர் என்று கும்பெனியை எதிர்த்தார். கடைசியில் காட்டிக்கொடுத்துத்தான் பிடித்தார்கள் என்பார்கள். 1805 ஜூலை 31, ஆடிப்பெருக்கு அன்று, சங்ககிரிக் கோட்டையில் தம்பியரோடு அவரைத் தூக்கிலிட்டார்கள்.

போரில் பிடிபட்ட வீரனைக் கொல்லக் கூடாது என்று 1949 ஜெனீவா ஒப்பந்தம் சொல்கிறது. அன்றைக்கு அப்படி ஒரு ஒப்பந்தம் இல்லை. 'வீரன்' என்று சொல்லாமல் 'கலகக்காரன்' என்று சொல்லிவிட்டால் போதும், கயிறு தயார்! ஒரு வார்த்தையை மாற்றி எத்தனை உயிரை எடுத்துவிட்டார்கள்!

சின்னமலைக்குச் சிலை இருக்கிறது. 2005-ல் தபால் தலை வந்தது. ஆடிப் பதினெட்டுக்கு மாலை போடுகிறார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த 42 பேர்? அவர்கள் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர்களுக்கும் அம்மா இருந்திருப்பாள். வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள்.

இப்போது சிலர், "அவரு எங்க ஆளுங்க" என்று பங்கு பிரிக்கிறார்கள். வெள்ளைக்காரன் தூக்கில் போடும்போது என்ன சாதி, என்ன மதம் என்று கேட்டானா? சேர்ந்து போனார்கள், சேர்ந்தே செத்தார்கள். நாம் மட்டும் ஏன் பிரித்துப் பார்க்க வேண்டும்?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். வருகிற ஆடிப் பதினெட்டையொட்டி, காலைப் பிரேயரில் சின்னமலையோடு அந்த 42 பேருக்கும் ஒரு நிமிஷம் மௌனமாக நிற்போமுங்க. பெயர் தெரியாவிட்டால் என்ன, அவர்களும் நம்மவர்கள்தானே!



— 9-ஆம் வகுப்பு மாணவி