மீண்டு வரும் கவனம்

பெங்களூரு ஓசூர் சாலையில் அமைந்துள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவத்திற்குப் புகழ்பெற்ற நிறுவனமாகும். 1954இல் தொடங்கப்பெற்ற அகில இந்திய மனநல நிறுவனமும் பழைய மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும் 1974இல் இணைந்து இது உருவாயிற்று. இங்குக் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினர்க்கும் தனிப்பிரிவு உண்டு.

ஓரிடத்தில் அமராத சிறுவனை வீட்டில் ‘வால்’ என்பர். வகுப்பில் ‘அடங்காதவன்’ என்பர். சன்னலைப் பார்த்தபடி கனவில் ஆழும் சிறுமியைச் ‘சோம்பேறி’ என்பர். அவள் தொல்லை தராததால், அவளது துன்பம் பலர் கண்ணிலும் படுவதில்லை. மருத்துவர் இந்நிலையைக் கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு என்பர். இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது. பெற்றோர் வளர்ப்பின் பிழையன்று. வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் எனப் பல மொழி பயில்வதாலும் இது தோன்றுவதில்லை.

இத்தகையோர்க்கு மனவிழிப்புப் பயிற்சி உதவுமா? மூச்சு உள்ளே வருவதையும் வெளியே செல்வதையும் கவனிப்பதே அப்பயிற்சி. மனம் விலகி ஓடும். ஓடியதை அறிந்து, கடிந்துகொள்ளாமல் மீட்டு வருதல் வேண்டும். ஓடாதிருப்பதன்று, மீண்டு வருவதே பயிற்சி. பௌத்தத் தியான மரபில் வேரூன்றிய இதனை, 1979இல் ஜான் கபாட்-ஜின் என்பவர் அமெரிக்க மருத்துவமனையொன்றில் தீராத வலியுற்றோர்க்குக் கற்பித்தார். பின்னர் இது பள்ளிகளுக்கும் பரவியது. 2018இல் தில்லி அரசுப் பள்ளிகளில் தொடங்கப்பெற்ற ‘மகிழ்ச்சிப் பாடத்திலும்’ இது இடம்பெற்றது.

யோகத்தைக் கொண்டும் ஆய்வு நிகழ்ந்துள்ளது. நிம்ஹான்ஸில் தங்கிச் சிகிச்சை பெற்ற 9 சிறார்க்கு நாள்தோறும் யோகம் கற்பிக்கப்பட்டது. அவர்கள் வீடு திரும்புகையில் கோளாற்றின் அறிகுறிகள் குறைந்திருந்தன என 2013இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஆயினும் ஒன்பதின்மரைக் கொண்டு அனைவர்க்கும் முடிவு கூறலாகாது. பிரிட்டனில் 8000க்கும் மேற்பட்ட பொது மாணவரிடையே நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில், பள்ளியின் வழக்கமான மனநலக் கல்வியைவிட மனவிழிப்புப் பயிற்சி மிகுந்த பயன் தரவில்லை. வீட்டில் அதனைத் தொடர்ந்து பயின்றோரும் சிலரே.

எனவே இப்பயிற்சி துணையேயன்றி மருந்துக்கு மாற்றாகாது. துடிப்புமிக்க பிள்ளையை நெடுநேரம் கண்மூடி அமரச் செய்தால், அதுவே தண்டனையாகிவிடும். அவனுக்குச் சில நிமிடங்கள் போதும். பாதம் தரையில் பதிவதை உணர்ந்தபடி நடப்பதும் பயிற்சியே. முன்வரிசை இருக்கை, சிறு பகுதிகளாகப் பிரித்த வேலை, எழுந்து நடமாடச் சிறிது இடைவேளை ஆகியவையும் அவனுக்குத் தேவை.

இவற்றோடு வகுப்பினர் தரவேண்டியதும் ஒன்றுண்டு. பட்டப்பெயர் சூட்டிச் சிரிக்கும் வகுப்பில் எம்மாணவனும் அமைதியாக மூச்சைக் கவனிக்க இயலாது. அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அருகில் இடம் கொடுக்கும் தோழன் இருப்பின் அவன் கவனம் மீள்வது எளிதாகும்.

அருஞ்சொற்பொருள்
மிகையியக்கம் – அளவு கடந்த துடிப்பு
கடிதல் – கண்டித்தல்
சிறார் – சிறுவர் சிறுமியர்

சிந்தித்து எழுதுக
1. ‘மீண்டு வருவதே பயிற்சி’ – விளக்குக.
2. ஒன்பதின்மரைக் கொண்டு முடிவு கூறலாகாது என்பது ஏன்?
3. உம் வகுப்பில் இத்தகைய தோழர் இருப்பின் நீவிர் செய்யக்கூடிய இரண்டு உதவிகளை எழுதுக.