72க்கும் 72.6க்கும் நடுவே

புதுச்சேரியில் பியானோ வைத்திருப்பவர்களுக்குக் கடற்காற்றோடு தீராத வழக்கு உண்டு. கம்பி துருப்பிடிக்கும், மரம் ஈரம் குடித்து ஊதும், சுருதி கலையும். ஒன்றைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக் 1967இல் எழுதிய ‘பியானோ ஃபேஸ்’ கேட்பதோ ஒரே சுருதியில் நிற்கும் இரண்டு பியானோக்களை. அதனால்தான் ஒரு நடனக் குழு அதைக் கணினியில் செய்து தரச் சொல்லி, முத்தியால்பேட்டையில் இருக்கும் ஒரு மாடி அறைக்கு வந்தது.

மாதா பாட்டு, அம்மன் பாட்டு, குறும்படப் பின்னணி எல்லாம் உருவாகும் அறை அது. ஜன்னலில் பழைய மெத்தையை அடைத்திருக்கிறார்கள். கணினியில் இசை கோக்கும் புரோகிராமருக்கு ஐம்பதை நெருங்கும் வயது. உதவிக்கு இருக்கும் பெண் மிருதங்கம் கற்றவர்.

நோட்ஸைப் பிரித்தால் ஏமாற்றமாக இருக்கும். முதல் பகுதியில் பன்னிரண்டு சுரம்தான், திரும்பத் திரும்ப. நம் கணக்கில் சொன்னால் ஸ, ரி, ப, த, நி ஐந்தும்தான் அதற்குள் புழங்குகின்றன. ஒரு கைக்கு மூன்று சுரம், மறு கைக்கு இரண்டு. இரண்டும் மாறி மாறி விழுகின்றன. “மூணும் ரெண்டும் பின்னிக்கிட்டுப் போகுது சார். இதுல பாதி நமக்குத் தெரிஞ்ச விஷயம்தான்” என்றார் மிருதங்கக்காரர்.

தெரியாத பாதி இனிமேல்தான். இரண்டு பியானோவும் ஒன்றாக ஓடும். முதலாமவர் வேகத்தை மாற்றக் கூடாது. இரண்டாமவர் இம்மி இம்மியாக முந்தி, சரியாக ஒரு சுரம் முன்னே போய் அங்கே நிலைகொள்வார். பிறகு அடுத்த சுரம். பன்னிரண்டு நகர்வில் பழைய இடத்துக்கே வந்துவிடுவார். ரைக்குக்கு இந்த யோசனை 1965இல், சான் ஃபிரான்சிஸ்கோவின் தெருப் பிரசங்கி ஒருவருடைய குரலை இரண்டு ஒலிநாடாக்களில் ஓட்டியபோது வந்தது. ஒன்றாகத் தொடங்கிய நாடாக்கள் தாமாகவே விலகின. அந்த விலகலைத்தான் பிறகு மனிதக் கைகளுக்குக் கொடுத்தார். இயந்திரத்தில் பிறந்த சங்கதி என்பதால் கணினிக்கு இது சுலபம் என்றுதான் நானும் நினைத்துப் போனேன்.

வேகம் நிமிடத்துக்கு 72. ஒரு தட்டுக்கு ஆறு சுரம். அதாவது ஒரு சுரத்துக்கு ஏறக்குறைய 139 மில்லிசெகண்ட். பத்துச் சுற்றில் ஒரு சுரம் முந்த வேண்டுமென்றால், முதல் பியானோ 120 சுரம் வாசிக்கும் நேரத்தில் இரண்டாவது 121 வாசிக்க வேண்டும். 72க்குப் பதில் 72.6. புரோகிராமர் 121 சுரம் கொண்ட துண்டை மவுஸால் பிடித்து, 120இன் நீளத்துக்கு இறுக்கினார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

ஓட்டிப் பார்த்தால் காது கூசியது. ஒரே மென்பொருள் பியானோவின் ஒரே ஒலிப்பதிவு இரண்டு ட்ராக்கிலும் நூலிழை வித்தியாசத்தில் ஒலிக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. தலைக்கு மேல் விமானம் போவதுபோல் ஒரு சுழற்காற்றுச் சத்தம். இரண்டாவது ட்ராக்குக்கு வேறு பியானோவைப் போட்டு, ஒன்றை இடது ஸ்பீக்கருக்கும் மற்றதை வலதுக்கும் தள்ளியதும் அடங்கியது.

அடுத்த பிரச்சினை உயிர். எல்லாச் சுரமும் ஒரே அழுத்தத்தில் விழுந்தால் தையல் மெஷின்தான். வழக்கமாக இதற்கு ‘ஹியூமனைஸ்’ பொத்தானை அழுத்துவார்கள்; அது சுரங்களை நேரத்தில் அங்குமிங்கும் சிதறவிடும். இங்கே அது ஆகாது. நகர்வின்போது இரண்டாவது பியானோ ஒவ்வொரு சுரத்திலும் முந்துவது ஒரு மில்லிசெகண்டுக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். பத்து மில்லிசெகண்ட் சிதறல் அதை விழுங்கிவிடும். நேரத்தைத் தொடாமல், சுரத்தின் அழுத்தமான வெலாசிட்டியை மட்டும் சுரம் சுரமாக, கையாலேயே ஏற்றி இறக்கினார்கள். குவாண்டைஸ் பொத்தான் பக்கம் யாரும் போகவில்லை. தெரியாமல் அழுத்தினால் எல்லாச் சுரமும் கட்டத்துக்குள் போய் உட்கார்ந்து, விலகலே காணாமல் போய்விடும்.

எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. ஓர் இடத்தில் நிலைகொண்ட பிறகு எத்தனை சுற்று நிற்பது? நோட்ஸில் ஒற்றை எண் கிடையாது. இத்தனையிலிருந்து இத்தனை வரை என்று ஒரு வரம்புதான். மேடையில் வாசிப்பவர் தீர்மானிப்பார். கணினி தீர்மானிக்காது. அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டபடி, “அண்ணா, இப்பத்தான் கீழே புதுசா ஒரு மெட்டு கேக்குது, விட்டுடாதீங்க, இன்னும் நாலு சுத்து” என்பார். புரோகிராமர் கூட்டுவார். யாரும் எழுதாத அந்த மெட்டு இரண்டு பியானோவின் சந்திப்பில் தானாக எழுகிறது. அதைக் காது பிடிக்கும்வரை காத்திருப்பதும் அலுப்பதற்குள் நகர்வதும்தான் இங்கே வாசிப்பு. சாவிப்பலகையில் விரல் வைக்கவில்லையே தவிர, இதை வாசித்தவர்கள் இவர்கள் இருவரும்தான்.

இந்த ஊருக்குப் பதிவறை இசை புதிதல்ல. ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் சுனில் பட்டாச்சார்யா 1960களின் நடுவிலிருந்து புத்தாண்டு இசை அமைத்துவந்தார். கணினியும் புதிதல்ல; திரையிசையில் இளையராஜா 1986இல் ‘புன்னகை மன்ன’னுக்குக் கணினியைக் கொண்டுவந்தார். ரஹ்மான் தன் ஆல்பங்களின் உறையில் வாசித்தவர்கள் பெயரை அச்சிட்டது பலருக்கும் முன்மாதிரி ஆனது. நடன நிகழ்ச்சிகளின் அழைப்பிதழில் மட்டும் இன்னும் ‘இசை’ என்று இசையமைப்பாளர் பெயரோடு நின்றுவிடுகிறது. நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் அதற்குக் கீழே ‘கணினி வாசிப்பு’ என்று இன்னொரு வரி சேர்த்து, செய்தவர்கள் பெயரையும் போடுங்கள்.