சின்னச் சில்லு

எங்கள் வீட்டின் மேற்குப் பக்கத்தில், சுவருக்கும் வேலிக்கும் நடுவே பன்னிரண்டடி அகலமும் நாற்பதடி நீளமுமான ஒரு துண்டு நிலம் இருக்கிறது. புல்லைத் தவிர அங்கே வேறெதுவும் இருந்ததில்லை. பழைய பதினாறடி அலுமினியப் படகு ஒன்றையும் அதைச் சுமக்கும் ட்ரெயிலரையும் வாங்கிய பிறகு, அந்தத் துண்டுக்கு என்ன போடுவது என்று நானும் அப்பாவும் ஒரு பனிக்காலம் முழுக்கப் பேசினோம். வீடு வாங்கும்போதுகூட நாங்கள் இவ்வளவு பேசவில்லை என்பது என் மனைவியின் கருத்து.

ரொறன்ரோப் பக்கம் படகு வைத்திருக்கும் யாருக்கும் இந்தக் கேள்வி வரும். வீட்டின் முன்னால் படகை நிறுத்திவைக்கப் பல நகரசபைகள் விடாது. ஆகவே பக்கத்துக்கோ பின்வளவுக்கோ கொண்டுபோக வேண்டும். ஒக்ரோபரிலிருந்து மே வரை அது அங்கேதான் நிற்கும். எங்கள் வளவில் இன்னொரு சிக்கல். படலைக்கு முன்னால் இடம் போதாது. வாகனத்தோடு கொழுவியபடி ட்ரெயிலரைப் பின்னுக்கு உள்ளே விட முடியாது. கார்ப்பாதையில் கழற்றி, கையால்தான் தள்ள வேண்டும். நான் வார நாட்களில் வேலைக்குப் போய்விடுவேன். சிம்கோ ஏரிக்குப் போகத் துடிப்பவர் அப்பா. அவருக்கு எழுபத்தெட்டு வயது.

புல்லிலேயே விட்டால் என்ன என்று முதலில் கேட்டவர்கள் உண்டு. படகு, மோட்டர், ட்ரெயிலர் எல்லாம் சேர்த்து 800 கிலோ வரும். ஒரு ரயர் நிலத்தில் கொடுக்கும் அழுத்தம், ஏறக்குறைய அதற்குள் அடைத்திருக்கும் காற்றின் அழுத்தம்தான். கார் ரயரில் சதுர அங்குலத்துக்கு 30, 35 இறாத்தல். ட்ரெயிலரின் சின்ன ரயரில் 50, 60. ஆனால் உண்மையான வில்லன் ரயர் இல்லை. ட்ரெயிலரின் மூக்கைத் தாங்குவதற்கு முன்னால் ஒரு சின்னச் சில்லு இருக்கிறதே, அதுதான். மொத்தப் பாரத்தில் பத்தில் ஒரு பங்கு, 80 கிலோ, இரண்டு விரல் அகலமான ஒரு பிளாஸ்டிக் சில்லில் இறங்குகிறது. காற்று இல்லை, நெகிழ்வு இல்லை. ஈரப் புல்லில் அது சில்லு இல்லை, கலப்பை.

இந்த நாட்டு நிலம் ஏப்ரலில் செய்யும் வேலையையும் சொல்ல வேண்டும். மேலே அரையடி உருகிவிடும், கீழே இன்னும் பனிக்கட்டி. தண்ணீர் இறங்க வழியில்லாமல் களிமண் கூழாகக் கிடக்கும். படகை வெளியே எடுக்க ஆசைப்படுகிற காலமும் அதுதான்.

விலை சொல்ல வந்தவர் கொங்கிறீற் என்றார். வேறு எதையும் அவர் பேச விரும்பவில்லை. தொகையைக் கேட்டுவிட்டு அப்பா என் காதோடு, "உந்தக் காசுக்கு மயிலிட்டியிலை ரெண்டு வள்ளம் வாங்கலாம்" என்றார். அவர் சொன்னது 1980ஆம் ஆண்டு விலை.

தள்ளுவதை மட்டும் பார்த்தால் கொங்கிறீற்றை மிஞ்ச எதுவும் இல்லை. சமமான கொங்கிறீற்றில் உருளும் பாரத்துக்கு அதன் எடையில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைப் பங்கு விசை போதும். எங்கள் படகுக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு கிலோ. மெத்தென்ற மண்ணில் அதுவே நூற்றுக்குப் பத்து. காய்ந்த மணலில் இருபதுக்கு மேலும் போகும், அதாவது 160 கிலோ. இரண்டு பேர் போதாது. கொங்கிறீற்றின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே வீட்டு அத்திவாரத்தை நாலடி ஆழத்துக்குக் கொண்டுபோவது பனி அவ்வளவு இறங்கும் என்பதால். நாலங்குலத் தட்டைக் களிமண்ணின் மேல் ஊற்றினால், கீழே தண்ணீர் உறைந்து வீங்கி, ஒரு மூலையைத் தூக்கும். பிறகு வெடிப்பு. வெடித்த விளிம்பில் சின்னச் சில்லு முட்டி நின்றால், உள்ள வழுவழுப்பெல்லாம் வீண். தாரும் பனிக்கு அசையும். அதோடு கோடை வெயிலில் இளகி, நிற்கிற சில்லுக்குக் குழி கொடுக்கும். அதைப்பற்றி இதற்குமேல் பேசத் தேவையில்லை.

மிச்சம் கல். கல் விற்கும் வளவுக்கு அப்பாவைக் கூட்டிப்போனது அந்தக் குளிர்காலத்தின் நல்ல நாட்களில் ஒன்று. முன்னுக்கே பட்டாணி அளவில் உருண்டைக் கற்கள், குவியல் குவியலாக, வடிவாக. நிறையப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள். அப்பா ஒரு கை அள்ளி, விரல்களுக்குள்ளால் ஒழுகவிட்டார்.

"இது காய்ஞ்ச மணல், தம்பி. பெரிய மணல். அவ்வளவுதான்."

அடுத்த குவியல் உடைகல். முக்கால் அங்குலத்திலிருந்து தூள்வரை எல்லாம் கலந்த சுண்ணாம்புக்கல். அதை அள்ளி இறுக்கிப் பொத்தினார். விரித்தபோது உருண்டையாக நின்றது. "இது ஈர மணல்."

கரையில் வளர்ந்தவர்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர் தொட்டுப் போகிற இடத்தில் மணல் கல்லுமாதிரி. மணிகளுக்கு நடுவில் இருக்கும் கொஞ்ச ஈரம் அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும். வள்ளம் வழுக்கிக்கொண்டு ஏறும். பத்தடி மேலே, வெயிலில் காய்ந்த இடத்தில்தான் எட்டுப்பேர் வேண்டும். அங்கே கட்டை போடுவார்கள். பின்னால் வெளியே வந்த கட்டையை ஒரு பெடியன் தூக்கிக்கொண்டு ஓடி முன்னால் வைப்பான். அப்பா அந்தப் பெடியனாக இருந்துதான் தொழிலுக்கு வந்தார். உடைகல்லில் ஈரத்தின் வேலையை மூலைகள் செய்கின்றன. கூர் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ள, தூள் இடைவெளியை நிரப்ப, அதிரும் தட்டால் இடித்தால் நிலம் இறுகிவிடும். உருண்டைக் கல்லை எத்தனை நாள் இடித்தாலும் அது உருண்டைதான்.

1990இல் மயிலிட்டியை விட்டு எல்லோரும் ஓடியபோது அப்பாவின் இரண்டு வள்ளங்களும் கரையில் நின்றன. துறைமுகமும் சுற்றியிருந்த நிலமும் திரும்பக் கிடைத்தது 2017இல், இருபத்தேழு வருடங்கள் கழித்து. மச்சான் ஒருவர் போய்ப் பார்த்து வீடியோ அனுப்பினார். இடிந்த வீடுகள், பற்றைகள், அழுகிற ஆட்கள். அப்பா அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார். பிறகு போனில் கேட்டது ஒன்றுதான்: "வள்ளம் ஏத்திற இடத்திலை மணல் கிடக்கோ?" மச்சானுக்கு விளங்கவில்லை. அவர் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.

உடைகல் என்று முடிவானதும் நான் சதுரத் தாளில் நீள்சதுரம் ஒன்று வரைந்தேன், பன்னிரண்டுக்கு நாற்பது. அப்பா அதை வாங்கிப் படலைக்கு வெளியே ஒரு பனையோலை விசிறியை வரைந்தார். தள்ளித் திருப்பும்போது ட்ரெயிலரின் பெரிய சில்லுகள் கிட்டத்தட்ட நின்ற இடத்தில் நிற்கும், மூக்குத்தான் வட்டமடிக்கும். எங்களுடையதில் அச்சிலிருந்து மூக்குக்குப் பன்னிரண்டடி. சின்னச் சில்லு பன்னிரண்டடி ஆரத்தில் வளைவாகப் போகும், அதுவும் நீள்சதுரத்துக்கு வெளியே, புல்லின் மேலால்.

"நிக்கிற இடத்துக்கு நீ காசு செலவழிக்கிறாய். திரும்பிற இடத்துக்கு ஆர் போடுறது?" என்றார்.

ஆகவே இப்படிச் செய்தோம். புல்லையும் மேல்மண்ணையும் எட்டங்குலம் வெட்டி எடுத்தோம். களிமண்ணும் கல்லும் கலக்காமலிருக்க அடியில் தடித்த துணி விரித்தோம். அதன்மேல் உடைகல், நாலங்குலத்துக்கு ஒருமுறை இடித்து, பின்வளவுப் பக்கம் மிக மெல்லிய சரிவோடு. நூறடிக்கு ஓரடி. அதற்குமேல் சரித்தால் தண்ணீரோடு படகும் போகப் பார்க்கும். நூற்றுக்கு இரண்டு சரிவென்றாலே 16 கிலோ தள்ளுவிசை சும்மா சேர்ந்துவிடும். ரயர் நிற்கும் இரண்டு இடங்களிலும், சின்னச் சில்லு போகும் நேர்ப்பாதையிலும், வெளியே அந்த விசிறியின் விளிம்பிலும் இரண்டடிச் சதுரக் கொங்கிறீற் பலகைகள் பதித்தோம். தனித்தனிப் பலகைகள். பனி ஒன்றைத் தூக்கினால் அதை மட்டும் கிளப்பி, கல்தூள் போட்டு, திரும்ப வைக்கலாம். சின்னச் சில்லையும் கழற்றிவிட்டுக் காற்றடித்த பெரிய சில்லு ஒன்று போட்டோம். உண்மையில் பாதி வேலையை அதுவே செய்கிறது.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் வேலையில் இருக்கும்போது, அப்பா தனிய அதைக் கார்ப்பாதைவரை கொண்டுவந்து நிறுத்திவிட்டுப் போன் எடுத்தார். இனிமேல் தனியாகச் செய்ய வேண்டாம் என்று சத்தம் போட்டேன். "சில்லுக்குக் கட்டை வைச்சிட்டன்" என்றார். நான் கேட்டது அதை இல்லை.

இந்த ஏப்ரலில் படலையடியில் இரண்டு பலகைகள் அரை அங்குலம் கிளம்பியிருந்தன. மண் இறுகட்டும் என்று இரண்டு வாரம் விட்டு, ஒரு தள்ளுவண்டி கல்தூளோடு சரிப்பண்ணினோம். பிடித்தது அரைமணித்தியாலம்.